காசிம் பாயின் கீழுதடு

2003ஆம் ஆண்டு ஜூலை 22, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஆடி பிறந்து ஆறாம் நாள். முந்தின மாலை இடித்த இடிக்கு மழை வரவில்லை. கடல் காற்றும் இன்னும் எழவில்லை. ஜன்னலோரம் தொங்கிய வெப்பமானி முப்பத்து மூன்று காட்டியது. அந்த நேரத்தில்தான் காசிம் பாய் எங்கள் சிகிச்சை நாற்காலியில் ஏறிப் படுத்து, "எத்தினி நாள்ல ஊதலாம்னு மொதல்ல சொல்லுங்க, அப்புறம் வாயத் தொறக்கறேன்" என்றார்.

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னைப் போன மாதம் பார்க்க வந்த இளைய மருத்துவர்கள் இருவர் செல்போனில் ஒரு ஸ்கேன் படத்தைக் காட்டினார்கள். தாடை எலும்பை விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நரம்பு வேருக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிறது என்று படமே சொல்லிவிடுகிறது. "இது இல்லாம எப்படி சார் கை வெச்சீங்க?" என்று கேட்டார்கள். வாசலில் நின்றபடி சொல்லக்கூடிய பதில் இல்லை அது. ஆகவே எழுதுகிறேன்.

நான் விழுப்புரம் பக்கத்துக்காரன். சென்னையில் ஐந்து ஆண்டு பல் மருத்துவம் படித்தேன். அந்த ஐந்தாண்டில் நான் பிடுங்கிய பற்கள் இருநூற்றுப் பதினேழு. அவற்றில் ஒன்றுகூடத் தொல்லை கொடுத்த பல் இல்லை. 1991இல் புதுச்சேரியில், கதிர்காமம் போகும் வழியில் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முப்பத்தொரு ஆண்டு அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். என் நோட்டுகளின்படி, எலும்பை வெட்டி எடுத்த கீழ்க் கடவாய்ப் பற்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. எண்ணுவது என் சுபாவம். மாடிப்படி ஏறினால் படியை எண்ணுவேன், பேருந்தில் ஏறினால் தலையை எண்ணுவேன். இதற்காக வீட்டில் நான் வாங்கிய பேச்சை மட்டும் எண்ணி வைக்கவில்லை.

இந்த சுபாவத்துக்கு எங்கேயும் மரியாதை கிடைத்ததில்லை. கிடைத்த ஒரே இடம் சவரிநாதன் முசியேவின் அறை.

அவர் 1994இல் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தவர். தகப்பனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். இவரே பல் மருத்துவம் படித்தது பிரான்சில். ஆஸ்பத்திரியில் யாரும் அவரை டாக்டர் என்று அழைத்துக் கேட்டதில்லை. வாட்ச்மேன் முதல் நிர்வாகி வரை எல்லோருக்கும் அவர் முசியேதான், பிரெஞ்சில் ஐயா. குரலை உயர்த்த மாட்டார். சட்டைக் கையைச் சரியாக இரண்டு மடிப்பு மடிப்பார். கை கழுவும்போது பிரெஞ்சில் அறுபது வரை எண்ணுவார். அவரும் எண்ணுகிறவர் என்று தெரிந்த அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பேச்செல்லாம் நல்ல தமிழ். ஆனால் கையில் கருவி ஏறிவிட்டால் வாயில் பிரெஞ்சு ஏறிவிடும். ஒரே சொல்லாக விழும். ஒன்பது ஆண்டு பக்கத்தில் நின்றதில் நான் பதினோரு சொற்கள் கற்றிருந்தேன். 'துஸ்மான்' என்றால் மெதுவாக. 'லாவ்' என்றால் கழுவு. 'கோந்த்' என்றால் எண்ணு. 'அத்தான்' என்றால் பொறு. இந்த அத்தானால் ஒரு தடவை பெரிய சங்கடம். புதிதாகச் சேர்ந்த நர்ஸிடம் முசியே இரண்டு முறை "அத்தான், அத்தான்" என்று சொல்ல, அந்தப் பெண் டிரேயைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டது. தாழ்வாரத்தில் வைத்து நான் விளக்கிச் சொல்ல இருபது நிமிடம் ஆனது. உள்ளே நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்தார். முசியேவுக்கு இன்றுவரை அது ஏன் என்று தெரியாது.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசிக் கடவாய்ப் பல், ஞானப்பல் என்கிறார்களே, அது பலருக்கு இடம் போதாமல் தாடை எலும்புக்குள்ளேயே படுத்துவிடும். பேருந்தில் தூங்கி விழுகிறவர் அடுத்தவர் தோளில் சாய்வதுபோல் முன்னால் இருக்கும் பல்லின்மீது சாய்ந்துகொள்ளும். ஒரு முனை மட்டும் ஈறைக் கிழித்து எட்டிப் பார்க்கும். அந்த இடுக்கில் சோறு சேரும், சீழ் வைக்கும், சில மாதத்துக்கு ஒரு முறை கன்னம் வீங்கும். அதை இடுக்கி போட்டு இழுக்க முடியாது. பிடிக்க ஒன்றும் இல்லை.

முசியேவின் முறை இது. முதலில் தாடைக்குள் போகும் நரம்பை மரக்க வைக்கும் ஊசி. ஊசி போட்டபின் ஏழு நிமிடம் யாரும் எதையும் தொடக் கூடாது. பிறகு ஈறைக் கீறி, அஞ்சல் உறையின் மூடியைத் திறப்பதுபோல் ஒதுக்க வேண்டும். மேலே மூடியிருக்கும் எலும்பை டிரில்லால் குறைக்க வேண்டும். பக்கத்திலிருந்து சலைன் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூடானால் எலும்பு செத்துவிடும். பல்லை முழுதாக வெளியே எடுக்கப் பார்க்கக் கூடாது. உள்ளேயே இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து, ஒவ்வொரு துண்டையும் அது போக விரும்பும் திசையில் வெளியே விட வேண்டும். "பலத்துக்கு இங்க வேலையே இல்ல கணேசா. கதவு இருக்கற பக்கம் போனா அதுவே வந்துடும்" என்பார்.

எல்லாம் வந்தபின், தையல் போடுவதற்கு முன் 'கோந்த்' என்பார். அது என் வேலை. பச்சைத் துணி விரித்த டிரேயில் எல்லாத் துண்டுகளையும் கழுவி வைத்து, பொருத்திப் பொருத்தி ஒரு முழுப் பல்லாக்கிக் காட்ட வேண்டும். தலை, கழுத்து, இரண்டு வேர், வேர்களின் நுனி. ஒரு சில்லு குறைந்தாலும் தையல் கிடையாது. உள்ளே எதையும் விடக் கூடாது என்பது அவர் சட்டம்.

காலாப்பட்டு மீனவர் குப்பத்திலிருந்து வந்த முத்துலட்சுமி என்ற அம்மாவுக்கு ஒரு தடவை வேர் நுனி காணவில்லை. அரிசியில் பாதி அளவு இருக்கும். உறிஞ்சும் பாட்டிலைக் கவிழ்த்து வடிகட்டினோம். பஞ்சு பதினான்கையும் பிரித்தோம். எக்ஸ்ரே எடுத்தோம், தாடையில் இல்லை. கடைசியில் அந்த அம்மாவின் மோவாய்க்குக் கீழே விரித்த துண்டின் மடிப்பில் அகப்பட்டது. அதற்குள் நாற்பது நிமிடம். பஞ்சைக் கடித்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: "ஏன் டாக்டரு, புடுங்கறதுக்குக் கால் மணி, தேடறதுக்கு முக்கால் மணியா? அதுல இன்னா தங்கமா இருக்குது?"

முசியே அந்த நுனியைப் பல்லோடு பொருத்திக் காட்டி, "இப்ப முழுசா இருக்கு, பாத்துக்க. இனிமே தூங்கலாம்" என்றார். தூங்கலாம் என்றது அந்த அம்மாவை இல்லை, என்னை என்று எனக்குத் தோன்றியது.

இப்படி ஒன்பது ஆண்டு. அதன் பிறகுதான் காசிம் பாய் வந்தார்.

முகமது காசிமுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. முல்லா வீதிப் பக்கம் வீடு. ஏழு பேர் கொண்ட பேண்டு செட்டின் சொந்தக்காரர்; அதில் டிரம்பெட் வாசிப்பவரும் அவரே. அவருடைய வாப்பா காலத்து செட். ஊரில் கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர், சாவு எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலு அன்று, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பெரியவர்கள் ஊர்வலம் போகும்போது, இடது கன்னம் வீங்கியபடியே வாசித்திருக்கிறார். மறுநாள் வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. எங்களிடம் வந்தார். ஒரே ஆண்டில் இது நான்காவது வீக்கம்.

முசியே எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. படத்தில் அதன் கரைகள் தண்டவாளம்போல் இரண்டு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்குள் போகும் நரம்புதான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு கொடுப்பது. காசிம் பாயின் படத்தில் அந்தத் தண்டவாளம் பல்லின் வேருக்கு அடியில் வந்ததும் மேல்கோடு காணாமல் போயிற்று. வேரின் குறுக்கே கருப்பாக ஒரு பட்டை. அதாவது நரம்பு வேரைத் தொட்டுக்கொண்டு போகவில்லை. இரண்டு வேர்களின் இடுக்கில் புகுந்து போகிறது. பல்லை இழுத்தால் நரம்பும் சேர்ந்து வரும்.

"நரம்பு கெட்டா இன்னா ஆவும்?" என்றார் பாய்.

"உதடு அசையும். ஆனா அங்க உதடு இருக்கறதே உனக்குத் தெரியாது. சோறு ஒட்டிக்கிட்டிருந்தாலும் தெரியாது, எச்சி வழிஞ்சாலும் தெரியாது" என்றார் முசியே.

பாய் கீழுதட்டை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு சொன்னார்: "முசியே, டிரம்பெட்டுல சத்தம் வர்றது பித்தளையில இல்ல. இந்த உதட்டுல. இது அதிர்றதத்தான் அது பெருசாக்கிக் காட்டுது. இது போச்சுன்னா என் கையில இருக்கறது வெறும் குழாய். ஆடில கல்யாணம் கிடையாது, அதான் இப்ப வந்தேன். ஆவணில ஒம்போது கல்யாணத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

அவர் போனபின் முசியே என்னைக் கூப்பிட்டார். "தலைய மட்டும் அறுத்து எடுத்துட்டு, வேர உள்ளயே வெச்சுத் தெச்சுடலாம். பிரான்ஸ்ல ரெண்டு தடவ பாத்திருக்கேன். சீழ் வெக்கறது தலையச் சுத்தித்தான். வேர் சும்மா கெடக்கும். கொஞ்ச வருஷத்துல அதுவா நரம்ப விட்டு மேல ஏறிடும்."

"நாம எதையும் உள்ள வெச்சதில்லையே முசியே."

"இது வரைக்கும் இல்ல" என்றார்.

அவருக்கு அப்போதுதான் வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. ஆகவே வெட்டுவது நான், எதிரே நின்று பார்ப்பது அவர் என்று முடிவானது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஊசி, ஏழு நிமிடம், கீறல், எலும்பு வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பல்லின் கழுத்தில் கன்னத்துப் பக்கமிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஆழம் அறுத்தேன். முழுக்க அறுக்கக் கூடாது. டிரில் அந்தப் பக்கம் வெளியே போனால் நாக்கின் நரம்பு கெடும். மீதியை, எலிவேட்டர் என்னும் நெம்புகோலைச் சாவிபோல் திருகி ஒடித்தேன். தலை இரண்டு துண்டாக வந்தது. டிரேயில் வைத்தேன்.

இனி மிச்சம் ஒரே ஒரு வேலை. உள்ளே இருக்கும் வேரின் வெட்டுமுகத்தை, உருண்டை முனை கொண்ட டிரில்லால் எலும்பின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் மேலே எலும்பு வளர்ந்து மூடும். அளவுக் கம்பி வைத்துப் பார்த்தேன். இரண்டரை. அரை மில்லிமீட்டர் பாக்கி. மறுபடி டிரில்லை வைத்தேன்.

முசியே குனிந்தார். "லெஸ்" என்றார்.

என் பதினோரு சொற்களில் இது இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த சொல்தான். லெஸ். குறை. நானும் குறைக்கத்தான் போகிறேன். குறைத்தேன்.

"லெஸ், லெஸ்" என்றார் மறுபடி, அவசரமாக. நானும் அவசரமாகக் குறைத்தேன்.

காசிம் பாயின் இடது கை மேலே எழுந்தது. வலித்தால் தூக்கச் சொல்லியிருந்த கை. அதே நொடியில் முசியே என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒன்பது ஆண்டில் அவர் என் கையைத் தொட்டது அன்றுதான்.

"லெஸ்னு சொல்றேன், நீ இன்னா பண்ற?"

"குறைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் முசியே."

அவர் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. மெதுவாகச் சொன்னார்: "லெஸ்னா விடுன்னு அர்த்தம்."

பிறகு நான் பலமுறை யோசித்திருக்கிறேன், ஒன்பது ஆண்டு பக்கத்தில் நின்றும் இந்த ஒரு சொல்லை நான் ஏன் கற்கவில்லை என்று. காரணம் எளிது. எதையும் உள்ளே விடாத மனிதர் 'விடு' என்று சொல்ல வேண்டிய அவசியமே அதுவரை வரவில்லை. இரண்டு வேர்களுக்கும் நடுவே ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்திருக்கிறார். நரம்புக் குழாய் நாங்கள் நினைத்ததைவிட மேலே இருந்தது. இரண்டரையோடு நிறுத்து என்று சொல்லியிருக்கிறார். நான் நிறுத்தவில்லை. அந்த இரண்டு லெஸ்ஸுக்கும் நடுவே என் கணக்கில் நான்கு நொடி.

குழியில் இரத்தம் ஊறி நிரம்பியது. பஞ்சை அழுத்திப் பிடித்தேன், எட்டு நிமிடம். அடுத்த பயம் வேர் ஆடுகிறதா என்பது. ஆடினால் அதை விட்டுவைக்க முடியாது, எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் நரம்பு நிச்சயம் போகும். முசியே கூரிய கம்பியை வாங்கி, பார்வை தெளியாத கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் பார்த்து, வேரை இடமும் வலமும் தொட்டார். ஆடவில்லை. நான்கு தையல் போட்டேன்.

அன்று அவர் 'கோந்த்' சொல்லவில்லை. டிரேயில் இடுப்புக்குக் கீழே இல்லாத ஒரு பல் கிடந்தது. நான் எண்ணினேன். இரண்டு துண்டு.

மறுநாள் காலை ஊசியின் மரப்பு முழுக்க விலகியிருக்க வேண்டும். காசிம் பாயின் இடது கீழுதட்டில் அது விலகவில்லை. பஞ்சு நுனியால் தொட்டேன், தெரியவில்லை. ஊசி முனையால் தொட்டேன், தெரியவில்லை. இன்னொரு முறை தொடப்போனபோது முசியே உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"பாய், நேத்து நான் விடுன்னு பிரெஞ்சுல சொன்னேன். இவரு குறைன்னு இங்கிலீஷுல கேட்டாரு. நடுவுல உன் உதடு மாட்டிக்கிச்சு. தப்பு என் வாயில. திரும்பி வரும்னு நெனைக்கறேன். வராமலும் போவலாம்."

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். எச்சில் மோவாயில் வழிந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. நான் துண்டை நீட்டினேன்.

"ரெண்டு பேரும் தமிழ்லயே பேசியிருக்கலாமே முசியே" என்றார்.

கேஸ் தாளில் முசியே தன் கைப்பட எழுதினார்: 'உதவியாளருக்குத் தெரியாத மொழியில் உத்தரவு கொடுக்கப்பட்டது.' கீழே கையெழுத்து. என் பெயர் அதில் எங்கும் இல்லை. அடுத்த வாரம் முதல் சிகிச்சை அறையில் பிரெஞ்சு நின்றுபோயிற்று. கருவியைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. 'கழுவு' என்பதற்கு முன் ஒரு நொடி வாய் திறந்து நிற்கும்.

நான் ஒரு வெள்ளைத் தாளில் கீழுதட்டின் இடது பாதியையும் மோவாயையும் வரைந்து இருபத்து நான்கு கட்டமாகப் பிரித்தேன். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை பாய் கண்ணை மூடிக்கொண்டு உட்கார, ஒவ்வொரு கட்டமாகப் பஞ்சு நுனியால் தொடுவேன். தெரிந்தால் 'ம்' சொல்ல வேண்டும். முதல் வாரம் பூஜ்யம். இரண்டாம் வாரம் பூஜ்யம். மூன்று, நான்கு, பூஜ்யம். நடுவே தொடாமலே தொட்டதுபோல் காத்திருப்பேன், அவர் பாவம் பார்த்து 'ம்' சொல்கிறாரா என்று. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஆவணி பிறந்தது. அவர் வாக்குக் கொடுத்த கல்யாணங்களில் முதலாவது, வீராம்பட்டினத்திலிருந்து ஊருக்குள் வரும் மாப்பிள்ளை ஊர்வலம். எனக்கு அழைப்பு இல்லை. போனேன். கடலூரிலிருந்து வரவழைத்த யாரோ ஒருவர் டிரம்பெட் வாசித்தார். சிவப்புக் கோட்டு போட்ட காசிம் பாய் கடைசி வரிசையில் நின்று தட்டுத் தாளம் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தாளத்தை நிறுத்தாமலே பக்கத்தில் வந்தார்.

"இன்னா டாக்டரே, பொண்ணு வூடா, மாப்பிள்ளை வூடா?"

"சும்மா வந்தேன் பாய்."

"கடலூர்க்காரன் சுருதி சேராம ஊதறான். காது கேக்குது, உதடுதான் கேக்கல. நீங்க போயி சாப்பிடுங்க. முறைச்சி முறைச்சி என் வாயப் பாத்துக்கிட்டு நின்னீங்கன்னா சனம் தப்பா நெனைக்கும்."

அந்த ஆவணியில் ஒன்பது கல்யாணத்திலும் அவர் தாளம்தான் அடித்தார். அவற்றில் ஆறு கல்யாணத்துக்கு நான் போனேன். வீட்டில் கேட்டதற்கு நோயாளி வீட்டு விசேஷம் என்றேன்; அது பொய்யும் இல்லை.

ஐந்தாம் வாரம் மோவாயின் கோடியில் மூன்று கட்டங்களுக்கு 'ம்' வந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். முசியேவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஏழாம் வாரம் ஒன்பது. அடுத்த வாரம் புரட்டாசி பிறந்தது. "உங்க ஆளுங்க புரட்டாசில கல்யாணம் வெக்கறதில்ல பாருங்க, அது எனக்காகவே போட்ட சட்டம்" என்று பாய் சொன்னார். அந்த மாதம் முழுக்க வீட்டு மாடியில் தினமும் பத்து நிமிடத்தில் தொடங்கி நேரத்தைக் கூட்டிக்கொண்டே ஊதிப் பழகினார். ஒன்பதாம் வாரம் பதினேழு. பதினோராம் வாரம், அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை, இருபத்து மூன்று.

இருபத்து நான்காவது கட்டம், உதட்டின் நட்டநடு விளிம்புக்குச் சற்று இடப்புறம், வரவேயில்லை. எட்டு முறை தொட்டேன். "போதும் டாக்டரே. அந்த ஒன்ன நீங்களே வெச்சுக்குங்க" என்று பாய் எழுந்துவிட்டார். ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்குக் கடலூர்க்காரர் வரவில்லை.

வேரைத் தொடர்ந்து கவனிக்க ஆண்டுக்கு ஒரு எக்ஸ்ரே என்று சொல்லியிருந்தேன். முதல் ஆண்டு வந்தார். வேர் ஒரு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. இரண்டாம் ஆண்டும் வந்தார், இரண்டு. அதற்குப் பிறகு வரவில்லை. முசியே ஓய்வு பெற்று மகனோடு இருக்க பிரான்சுக்குப் போனார். போகும்போது என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி, "பாய் வந்தானா?" என்பதுதான். நான் அதே முறையில் மேலும் பதினெட்டுப் பேருக்குத் தலையை மட்டும் எடுத்து வேரை விட்டேன். பதினெட்டுப் பேரையும் ஐந்து ஆண்டாவது பார்த்திருக்கிறேன். பத்தொன்பதில் ஒன்று மட்டும் நிலுவை.

2022இல் நான் ஓய்வு பெற்றபோது நோட்டுகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினேன். காசிம் பாயின் வரியில் கடைசி எக்ஸ்ரேக்கான கட்டம் காலி. மூன்று இரவு சரியாகத் தூக்கமில்லை. நான்காம் நாள் முல்லா வீதிக்குப் போனேன்.

காசிம் பாய்க்கு ஐம்பத்து நான்கு வயது ஆகியிருந்தது. தாடி பாதி நரை. டீ வாங்கிக் கொடுத்தார், பேரப்பிள்ளைகளைக் காட்டினார். எக்ஸ்ரே என்றதும் முகம் மாறியது.

"நல்லாத்தான இருக்கேன். விட்டுத் தள்ளுங்க."

"ஒரே ஒரு படம் பாய். அஞ்சு நிமிஷம்."

"அந்தப் படத்துல எதனா தெரிஞ்சா மறுபடி வாயத் தொறக்கணும். மறுபடி தாளம் அடிக்கணும். பதினோரு வாரம் நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. சிரிச்சிக்கிட்டேதான் இருந்தேன், வெளியில. வூட்டுல யாரோடயும் பேசல. தெரியாமலே இருந்துட்டுப் போறேன் டாக்டரே."

பத்தொன்பது ஆண்டில் அதை அவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். நான் அவர் உதட்டில் கட்டம் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் அந்த வாரங்களைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். பேச்சை முடிக்க நினைத்தோ என்னவோ, அவரே சிரித்துக்கொண்டு, "எனக்கு எங்க நேரம் இருக்குது? காசு குடுத்துக் கூப்புடற எடத்துக்குத்தான் போறேன். வேணும்னா புக் பண்ணுங்க, வர்றேன்" என்றார்.

"எவ்வளவு?"

"தனி ஆளா வர்றதில்ல. செட்டாத்தான். ஏழு பேரு, ரெண்டு மணி நேரம், எட்டாயிரத்து ஐந்நூறு."

சட்டைப் பையில் இருந்த ஆயிரத்தை அட்வான்ஸாக அவர் கையில் வைத்தேன். பாய் விளையாட்டுக்குச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அட்வான்ஸ் வாங்கிய இடத்துக்கு அவர் போகாமல் இருந்ததில்லை என்பதும் தெரியும். ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "எந்தக் கிழமை?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு எக்ஸ்ரே நிலையத்தின் வாசலில் ஏழு பேரும் சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக வந்து இறங்கினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண், "இதுல பேஷன்ட் யாரு சார்?" என்றது. உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றதால் பாய் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டைக் கழற்றினார். டிரம்பெட்டை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். போகும்போது அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. எனக்குக் கை வியர்த்தது. பித்தளையில் விரல் தடம் பதியுமே என்று கைக்குட்டையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படம் வந்தது. நானும் ஜன்னல் வெளிச்சத்தில்தான் பிடித்தேன். எனக்கு அப்படித்தான் பழக்கம். வேர் நாலரை மில்லிமீட்டர் ஏறியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு வெள்ளைக் கோடும் எங்கும் அறுபடாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடின. மேலே நல்ல எலும்பு. சீழ் இல்லை, கருப்பு இல்லை. மூன்று முறை அளந்தேன்.

"இன்னா டாக்டரே, சொல்லுங்க. தாளமா?"

"ஒண்ணும் செய்ய வேணாம் பாய். நரம்புக்கும் வேருக்கும் இனி ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு பொத்தானை மாட்ட ஆரம்பித்தார். இரண்டு பொத்தான் மாறிப் போட்டு, கழற்றி மறுபடி மாட்டினார். பிறகு டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். ஆறு பேரும் பின்னால் போனார்கள். பாய், வேண்டாம், ஆஸ்பத்திரி வீதி என்று சொல்லிக்கொண்டே நானும் போனேன்.

"காசு வாங்கிட்டு ஊதாம போறது எங்களுக்குப் பழக்கமில்ல" என்றார் காசிம் பாய்.

வாசலுக்கு எதிரே வேப்பமர நிழலில் நின்று வாசித்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் பெண் வீடு நெருங்கும்போது வாசிக்கிற பாட்டு. ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டினார்கள். எக்ஸ்ரே எடுத்த பையனும் கவுன்ட்டர் பெண்ணும் வெளியே வந்து நின்றார்கள். மாப்பிள்ளை எங்கே என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். உச்சியில் ஒரு ஸ்வரத்தை பாய் நீளமாகப் பிடித்தார். என் கணக்கில் பதினான்கு நொடி. அது எங்கும் பிசிறவில்லை.

செட்டுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு, எக்ஸ்ரேவுக்கு நானூற்றைம்பது, ஒன்பது டீ நூற்றெட்டு, ஏழு வடை ஐம்பத்தாறு, எனக்கு ஆட்டோ நூற்றிருபது. ஆகமொத்தம் ஒன்பதாயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு ரூபாய்.